சிப்பி முடுக்குல கெடந்த அடி நோட்டு

எங்க சிப்பி முடுக்குச் சந்துல, தண்ணிக் கொழாய்க்கும் மெர்சலின் அக்கா மீன் பொட்டிய எறக்கி வைக்கிற கல்லுக்கும் நடுவுல ஒரு நோட்டு கெடந்தது. ரூவா நோட்டு இல்ல, ரூவா நோட்டுன்னா எங்க ஆளுவ அதக் கெடக்க விட்டுருப்பாவளா. இது பேண்டுல ஊதுவோம்லா, அந்த நோட்டு. சத்தம்னா வரும், காதுல விழும், போயிரும், அதான ஒலக வழக்கம். கோயில் மணியும் அப்படித்தான், உப்பு லாரி ஆரனும் அப்படித்தான், எங்க பேண்டுக்குத் தலைவரு டெலஸ்போர் கேப்டன் தும்முத தும்மல்கூட கடக்கரை வரைக்கும் போயிட்டு ஒருவழியா அடங்கிரும். இது வந்துச்சு, விழுந்துச்சு, போவல. ஒரு எருமை படுத்தா எம்புட்டு எடம் பிடிக்குமோ அம்புட்டு எடத்துல, முழங்கால் ஒசரத்துக்கு, "ம்ம்ம்ம்ம்"னு கெடந்தது. கண்ணுக்குத் தெரியாது. கால விட்டா தெரியும்.

அது அங்க வந்து விழுந்த கதை இதுதான். எங்க செபஸ்தியார் கோயில் பேண்டு செட்டுக்கு வெளிநாட்டுல ஏதோ ஒரு கோயில்காரவ பழைய வாத்தியமெல்லாம் பொட்டி போட்டு அனுப்பி வச்சாவ. தொறந்து பாத்தா ரெண்டு ட்ரம்பெட்டு, ஒரு ஓட்ட ட்ரம்மு, அதுக்கு அடியில இது: கறுப்பா, நெட்டையா, கழுத்து ஒரு பக்கம் வளைஞ்சு, அடி ஒரு பக்கம் மடங்கி மேல பாத்துக்கிட்டு, நடுவுல பூரா வெள்ளிச் சாவியா. பங்குச் சாமியாரு வந்து பாத்தாரு. அவரு எதுக்கும் ஒரு செருமல் செருமிட்டுத்தான் பேசுவாரு. "க்ர்ஹூம்... இது வாத்தியமா, இல்ல அடுப்படிக் கொழாயா?" டெலஸ்போர் கேப்டனுக்குப் பேச்சு பூரா மூக்கு வழியாத்தான் வரும். "பேஸ் க்ளாரினெட்டு சாமி. க்ளாரினெட்டுக்கு அப்பன்." அப்பன் வந்துட்டான், ஆனா வாயில்லாம வந்துட்டான். மவுத்பீஸும் இல்ல, ரீடும் இல்ல.

அந்தச் சமயம்தான் பெல்லார்மின் மச்சானுக்கு முன்பல்லு போயி, பல்லு செட்டு வச்சாவ. மச்சான் துறைமுகத்துல கிரேன் ஓட்டுதவரு, பேண்டுல முதல் க்ளாரினெட்டு. முறுக்கு கடிச்சதுல போச்சுன்னு அவரு சொல்லுவாரு, சர்க்கரைல போச்சுன்னு அவரு பொண்டாட்டி ஜெசிந்தாக்கா சொல்லும். எதுல போனா என்ன, க்ளாரினெட்டு ஊதுதவனுக்கு மேல் முன்பல்லுதான் ஆணி, அதுலதான் மவுத்பீஸ் உக்காரும். செட்டு வச்சு மேல் நோட்டுக்கு ஏறி ஊதுனா, செட்டு நழுவி 'டிக்'குங்கும், வாத்தியம் 'கீச்'சுங்கும். ஒரு கல்யாணத்துல, மாப்பிள்ளையும் பொண்ணும் கோயில விட்டு எறங்கி வாரப்ப, மவுத்பீஸோட சேந்து பல்லும் வெளிய வந்து, பொண்ணோட சித்தி பயந்து போயி சிலுவ போட்டுக்கிட்டு.

கேப்டன் கூப்பிட்டுச் சொல்லிட்டாரு. "ஏல பெல்லார்மினு, சப்பரத்தண்ணைக்கு நீ கொடியப் பிடி."

"கொடியா? நானா?"

"வேற யாரு, செபஸ்தியாரா பிடிப்பாரு?"

எங்க பேண்டுல கொடியப் பிடிக்கச் சொன்னா, நாளைக்கு வீட்டுல இருன்னு அர்த்தம். மச்சானுக்கு கிரேன் உண்டு, சம்பளம் உண்டு, ஆனா அந்தச் செவப்புக் கோட்டப் போட்டு முதல் வரிசையில நடக்கலன்னா அவருக்கு அவரு யாருன்னே தெரியாது. அவரு அந்த வளைஞ்ச கழுத்தப் பாத்தாரு. தாழ ஊதுத வாத்தியத்துக்குப் பல்லு பெருசா வேண்டாம், ஒதடு தளர்ந்து இருந்தா போதும். "இத நான் ஊதுதேன் கேப்டன்"னாரு.

"சப்பர மார்ச்சுல கடைசில, இருக்கதுலயே தாழ்ந்ததா ஒரு அடி நோட்டு வருதுலா, அத ஊதுன பெரிய கொழல்காரன் மஸ்கட்டு போயிட்டான். அந்த நோட்ட நீ பிடிச்சா ஒனக்கு எடம் உண்டு. பிடிக்கலன்னா கொடி."

இந்த எடத்துல ரீடப் பத்திச் சொல்லலன்னா கதை நகராது. ரீடுன்னா நாணல்ல சீவுன ஒரு பட்டை. அத மவுத்பீஸு மேல வச்சு இறுக்கி ஊதுனா அது அதுரும், அந்த அதுரலுதான் சத்தம். மெலிசுன்னா ஒண்ணரை, ரெண்டுன்னு நம்பரு. கட்டின்னா மூணு, மூணரை, நாலு. செருப்பு சைஸு மாதிரிதான், அவனவன் காலுக்கு எது சேருமோ அது. ஆனா எங்க பேண்டுல அது ஆம்பளைக்குள்ள கணக்கு. ஒருத்தன ஒருத்தன் பாத்தா சாப்ட்டியான்னு கேக்க மாட்டான், "எத்தன நம்பரு?"ம்பான். டெலஸ்போர் கேப்டன் டெனர் சாக்ஸுல நாலு போடுதேன்னு சொல்லிக்கிட்டு நெஞ்ச நிமித்தி நடப்பாரு. பெல்லார்மின் மச்சான் மூணரை. ரெண்டாம் நம்பருங்கது இப்பத்தான் புதுநன்மை எடுத்த சின்னப் பிள்ளையளுக்கு. ஒருத்தன வையணும்னா, "போல ரெண்டாம் நம்பரு"ன்னா போதும், ரெண்டு குடும்பத்துக்கும் பேச்சுவார்த்தை அத்துப்போவும். எனக்கு இந்தப் பாடு இல்ல. நான் சிம்பல் தட்டு அடிக்கிறவன். பாட்டு பூரா சும்மா நின்னுட்டு சரியான எடத்துல ஒரே ஒரு 'ஜாங்!'. மிச்ச நேரம் எல்லாரு மாதிரியும் பேசிக் காட்டுவேன், அதுக்கு நம்பரு கெடையாது.

பேஸ் க்ளாரினெட்டு ரீடுக்கு எங்க ஊர்ல எங்க போவ? டெனர் சாக்ஸ் ரீடு ஏறக்கொறைய அதே அகலம், மச்சான் அதுல மூணரை நம்பர வாங்கிக்கிட்டாரு. மவுத்பீஸு மெட்ராஸ்ல இருந்து வந்துச்சு, வாய் ஒடுக்கம். அதுல மத்த நோட்டெல்லாம் வந்துச்சு, அடி நோட்டு மட்டும் வரல. வாய் சின்னதா இருந்தா பெரிய சத்தம் எப்படி வரும்னு மச்சான் நேரா இசக்கி லேத்துப் பட்டறைக்குப் போயி, நைலான் கட்டையில ஒரு மவுத்பீஸு கடையச் சொன்னாரு. "வாய நல்லா தொற இசக்கி." "தொறந்துட்டேன் அண்ணாச்சி." "இன்னும் தொற." இசக்கி அதக் கையில வச்சு உருட்டிப் பாத்துட்டு, "அண்ணாச்சி, இது நீங்க ஊதுததா, இல்ல இது ஒங்கள முழுங்குததா?"ன்னு கேட்டான். வாய் அகலம்னா ரீடு மெலிசா இருக்கணும், அது எல்லாருக்கும் தெரியும், மச்சானுக்கும் தெரியும். ஆனா மூணரை நம்பர் ஊதுதவன் எறங்கி வருவானா? அகல வாயில கட்டி ரீட மாட்டுனாரு.

ஞாயித்துக்கெழம பூசை முடிஞ்சு மத்தியானம். வீட்டுக்குள்ள ஊதுனா சொவருல இருக்க திரு இருதய ஆண்டவரு படம் ஆடுதுன்னு ஜெசிந்தாக்கா வெரட்டிவிட்டுச்சு, மச்சான் கொழாயடிக்கு வந்து நின்னு ஊதுனாரு, கழுத்து நரம்பு கயிறா பொடைச்சுது, மூஞ்சி நவ்வாப்பழமாட்டம் ஆச்சு, வெறும் காத்துதான் வந்துச்சு, அவரு விடல, செட்டுப் பல்லக் கடிச்சு, ஒதட்டக் கடிச்சு, போன மாசம் கேப்டன் சொன்ன சொல்லயும் சேத்துக் கடிச்சு ஊதுனாரு பாருங்க, வந்துச்சு. கொடம் பூரா அதுந்துச்சு. மச்சான் சந்தோசத்துல வாய எடுத்தாரு. நோட்டு நிக்கல. சாவிய விட்டாரு, நிக்கல. வாத்தியத்தக் கழட்டிப் பொட்டிக்குள்ள வச்சு மூடி, பொட்டி மேல ஏறி உக்காந்தும் பாத்தாரு. பொட்டிக்குள்ள இருந்தாத்தான? அது வெளிய விழுந்து கெடக்கு.

மெர்சலின் அக்கா மீன் பொட்டியோட வந்துச்சு. அது கொரலு ஒங்களுக்குத் தெரியாதுலா: "சாளேஏஏய்! நெய்ச்சாளேஏஏய்!"ன்னா அடுத்த தெருவுல தூங்குத பூனை எந்திரிச்சு மொகம் கழுவும். அது அந்தச் சத்தத்துக்குள்ள காலவச்சு நின்னுக்கிட்டு, "ஏ பெல்லார்மினு, ஒன் சத்தத்த எடுத்து ஓரமா வையி, நான் பொட்டிய எறக்கணும்"னு சொல்லிச்சு. சொன்னது அக்கா, வந்த கொரலு, கெணத்துக்குள்ள ஒரு தடியன் உக்காந்து பேசுனா எப்படி இருக்கும், அப்படி. ஜெசிந்தாக்கா அதுக்குள்ள போயி நின்னு, "என்ன மெர்சலினு, தொண்ட கட்டிட்டா?"ன்னு கேட்டுச்சு. அதுவும் அதே தடியன். நான் போயி பேசுனேன், அதே தடியன். கேப்டன் சைக்கிள நிப்பாட்டி எறங்கிப் பேசுனாரு, மூக்கையே காணும், தடியன்தான். கெழவன், பச்சப்பிள்ள, ஆம்பள, பொம்பள, யாரு அங்க நின்னு வாயத் தொறந்தாலும் ஒரே கொரலு.

அதுல இருந்து எங்களுக்கு ஒண்ணும் பிடிபடல. கொழாயடியில "கொடம் நெறஞ்சிட்டு, எடு"ன்னு ஒரு கொரலு கேட்டா எல்லாரும் எடுக்காவ, நெறஞ்சதும் போவுது, நெறையாததும் போவுது. ஒருநா மத்தியானம் "சோறு எடுத்து வையி"ன்னு ஒரு சத்தம் வந்துச்சு. எங்க முடுக்குல இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் எல்லா வீட்டுலயும் எலையப் போட்டு, சோத்த வச்சு, கொழம்பையும் ஊத்திட்டாவ, எந்தப் புருசனும் வரல. சொன்னது கேஸ் சிலிண்டர் போட வந்த ஆளு, அவன் வீட்டுக்கு போனுல பேசிருக்கான்.

அதுக்கப்புறம்தான் பேரச் சொல்லிட்டுப் பேசுத பழக்கம் வந்துச்சு. யாரு சட்டம் போட்டாவன்னு தெரியாது. "மெர்சலின் பேசுதேன், சாள இருக்கு." "ஜெசிந்தா பேசுதேன், நேத்து குடுத்தது நாறிட்டு." "மெர்சலின் பேசுதேன், நாறுனது ஒன் சட்டி." இப்படி நல்லாத்தான் போச்சு. பெறவு பேர மாத்திச் சொல்ல ஆரம்பிச்சாவ. "டெலஸ்போர் பேசுதேன், நான் ஒரு மூதேவி"ன்னு ஒருநா சாயங்காலம் ஒரு கொரலு. கேப்டன் அந்நேரம் வீட்டுல குளிச்சிக்கிட்டு இருந்தாரு. பொழப்பு போனது எனக்குத்தான். ஊரே ஒரே கொரலுல பேசுனா நான் யாரு மாதிரி பேசிக்காட்ட?

கோயில்ல சாமியாருகிட்ட பாவத்தச் சொல்லுத பாவசங்கீர்த்தனத் தொட்டில ஆளு கொறைஞ்சு போச்சு. எல்லாரும் இங்ஙன வந்து நின்னு, சொவத்தப் பாத்துக்கிட்டு, மனசுல உள்ளத சொல்லிட்டுப் போயிருதாவ. பேரு வேண்டாம், கொரலு வேண்டாம், லேசா இருக்கும்னாவ. சாமியாரு என்னன்னு பாக்க வந்தாரு. உள்ள நின்னு செருமுனாரு, செருமலே கிரேன் எறங்குத மாதிரி வந்துச்சு. அவரு அப்படியே மலைச்சு நிக்கையில ஒரு கொரலு சொல்லிச்சு: "பிரசங்கம் ரொம்ப நீளம் சாமி." யாருன்னு அவரு கேக்கல. அடுத்த ஞாயித்துக்கெழம எல்லாரும் சீக்கிரமா வீட்டுக்கு வந்துட்டோம். மாமியா மருமவ சண்டைய எல்லாம் அங்ஙன வந்து போட்டா சண்ட மாதிரியே இல்ல, செபம் சொல்லுத மாதிரி இருக்கு, பாதியில ரெண்டு பேருக்கும் கொட்டாவி வருது. தொட்டில்ல கெடக்க பிள்ள அழுது கரச்சல் பண்ணுனா கொண்டாந்து அதுக்குள்ள போட்டுருதாவ, ஒறங்கிருது. நாய் பூரா அங்கதான். இது நல்லதா கெட்டதான்னு யாராலயும் சொல்ல முடியல. நல்லதுன்னு சொன்னா, அதுவும் யாரு சொன்னதுன்னு தெரியல.

மச்சானுக்கு மட்டும் நெஞ்சுல இடி. நோட்டு வெளிய கெடக்குல்லா, வாத்தியத்துக்குள்ள அந்த எடம் காலி. எல்லாச் சாவியயும் அமுக்கி ஊதுனா, பஞ்சரான டியூப்பு மாதிரி 'ஃபுஸ்'. சப்பரம் நெருங்கிட்டு. கேப்டன் வந்து கேட்டாரு, "நோட்டு ஒன்கிட்ட இருக்கால?"

"முடுக்குல இருக்கு கேப்டன்."

"முடுக்குக்கு நான் கோட்டு தச்சுப் போட முடியுமா? கொடியக் கழுவி வையி."

மச்சான் தெனமும் வேல முடிஞ்சு வந்து, நோட்டத் திருப்பி வாத்தியத்துக்குள்ள இழுக்க கொழாயடியில நிப்பாரு. மெட்ராஸ் மவுத்பீஸுல மூணரை போட்டு ஊதுனாரு; அந்தச் சின்ன வாயி வழியா அம்புட்டுப் பெரிய நோட்டு எப்படி உள்ள போவும்? இசக்கி மவுத்பீஸ மாட்டுனாரு, அதுல நாலாம் நம்பர் போட்டாரு. அவரு கடிச்சு ஊத ஊத நோட்டு பின்னால போவுது; இவரு ஒரு எட்டு வச்சா அது ஒரு எட்டு நவுந்து, கடைசில மெர்சலின் அக்கா கல்லுக்கு அடியில போயி பதுங்கிக்கிட்டு. மச்சான் அந்தக் கல்லு மேலயே உக்காந்துட்டாரு. அப்பத்தான் அந்தக் கொரலு:

"ரெண்டு போட்டுப் பாரேன்."

பேரு சொல்லல.

மச்சான் துள்ளி எந்திரிச்சாரு. "எவம்ல அது?" கொழாய்ல நான் வாளியோட நிக்கேன். மெர்சலின் அக்கா செதில் சொரண்டுது. ஜெசிந்தாக்கா படியில அரிசி பொடைக்கி. கேப்டன் சைக்கிள்ல ஒரு காலும் தரையில ஒரு காலுமா வேடிக்க பாக்காரு. மறுநாளும் அதே எடம், அதே கொரலு: "ரெண்டு போட்டுப் பாரேன்." மூணரை நம்பர்காரன ரெண்டு போடச் சொன்னா, அது யோசனையா, வசவா? மச்சான் வசவுன்னே வச்சிக்கிட்டாரு.

"ஏட்டி, நீயா சொன்ன?"

"நான் சொல்லணும்னா வீட்டுலயே சொல்லுவேன், எனக்கென்ன பயமா?"

"ஏல லியோன்ஸு, நீதான? ஊரு மாதிரி பேசுதவன் நீதான?"

"மச்சான், ரெண்டாம் நம்பருக்கும் நாலாம் நம்பருக்கும் எனக்கு வித்தியாசமே தெரியாது."

கேப்டன்கிட்ட போயி நேராவே கேட்டுட்டாரு, கேப்டன் மூக்குல பொக வந்துச்சு. முடுக்கே ரெண்டுபட்டுச்சு. பேரு சொல்லாமப் பேசுனது யாரு, அத ஒத்துக்கிடணும்னு ஒரு கூட்டம். கூட்டத்தயும் அதே எடத்துல போட்டதுனால, யாரு மறுத்தாவ யாரு ஒத்துக்கிட்டாவன்னு அதுவும் தெரியல. கடைசில அவனவனுக்கு அவன் மேலயே சந்தேகம் வந்துட்டு. மெர்சலின் அக்கா என்னய ஓரமா கூட்டிட்டுப் போயி கேட்டுச்சு: "லியோன்ஸு, நான்தான் சொன்னேனோ? மனசுல நெனச்சது உண்டும். வாயில வந்துச்சா வரலையான்னு தெரியலயே."

கொரலு எல்லாருக்கும் ஒண்ணுதான், வாஸ்தவம். ஆனா நான் கேக்கது கொரல இல்ல. ஒருத்தன் மாதிரி பேசணும்னா அவன் பேசுததுக்கு முந்தி என்ன செய்யான்னு பாக்கணும். சாமியாருன்னா செருமல், மெர்சலின் அக்கான்னா ஒரு மூச்சு, கேப்டன்னா மூக்க ஒரு உறிஞ்சல். அந்தக் கொரலு வாரதுக்கு முந்தி ரெண்டு நாளும் ஒரு சத்தம் கேட்டுச்சு, ரொம்பச் சின்னது: 'டிக்'.

சப்பரத்துக்கு முந்துன நாள் மச்சான் கல்லுல தனியா உக்காந்திருக்கையில போயி சொல்லிட்டேன். நோட்டுக்கு வெளிய நின்னு, என் சொந்தக் கொரல்ல.

"மச்சான், அதச் சொன்னது நீருதான்."

"என்னது?"

"ரெண்டு போடச் சொன்னது. ஒம்ம பல்லு செட்டு நழுவுத சத்தம் கேட்டுது. நீரே சொல்லிட்டு நீரே துள்ளி எந்திரிச்சீரு."

மச்சான் என்னய அடிக்க வருவாருன்னு வாளியக் கீழ வச்சுட்டு நின்னேன். அவரு அடிக்கல. செட்டக் கழட்டி உள்ளங்கையில வச்சுப் பாத்தாரு. "இதா சொல்லிச்சு?"

"பல்லு சொல்லாது மச்சான்."

மறுநா சாயங்காலம், வெயில் சாயுத நேரம், செபஸ்தியாரு அம்பும் பூவுமா சப்பரத்துல ஏறியாச்சு, மச்சான் செவப்புக் கோட்டப் போட்டுக்கிட்டு வாத்தியத்தோட கொழாயடிக்கு வந்தாரு. கையில, பிள்ளையளுக்கு வாங்கி வச்சிருந்த டெனர் சாக்ஸ் ரீடு பாக்கெட்டு. முடுக்கே கூடி நின்னுச்சு. அவரு ரெண்டாம் நம்பர எடுத்து, ஒளிக்காம, முட்டாயி சப்புத மாதிரி நாக்குல வச்சு நல்லா ஊறவச்சு, இசக்கி கடஞ்ச அகல வாயில படிய வச்சு இறுக்குனாரு. செட்டக் கழட்டி ஜெசிந்தாக்கா கையில குடுத்தாரு. அக்கா அத முந்தானையில முடிஞ்சிக்கிட்டு. யாருக்கும் என்ன வேண்டிக்கிடன்னு தெரியல. நோட்டு உள்ள போவட்டும்னு வேண்டுனா முடுக்கு வெறிச்சுப் போவும். போவண்டாம்னு வேண்டுனா மச்சான் கொடியத் தூக்கணும். சும்மா சிலுவ மட்டும் போட்டுக்கிட்டோம், அர்த்தத்த செபஸ்தியாரு பாத்துக்கிடட்டும்.

மச்சான் கடிக்கல. கடிக்கதுக்குப் பல்லும் இல்ல. ஒதட்டத் தொங்கவிட்டு, சூடான டீய ஊதுத மாதிரி மெதுவா ஊதுனாரு. சத்தம் வரல. அவரு தேடல, அதட்டல, ஒரு எட்டுகூட முன்ன வைக்கல. பூனை கூப்ட்டா வராது, கூப்பிடாம உக்காந்திருந்தா வரும். அப்படித்தான் அது கல்லுக்கு அடியில இருந்து வந்துச்சு, எங்க பாதத்த ஒரசிக்கிட்டு, கணுக்கால ஒரசிக்கிட்டு. நாயெல்லாம் ஒண்ணொண்ணா எந்திரிச்சு, படுத்த எடத்த மோந்து பாத்துச்சு. மெர்சலின் அக்காவுக்குத் தாங்கல. "மெர்சலின் பேசுதேன், ஏ பெல்லார்மினு"ன்னு கெணத்துக்குள்ள ஆரம்பிச்சுது, "அது போவுதுலேஏஏஏய்!"னு ஆகாசத்துல முடிஞ்சுது. அடுத்த தெருவுப் பூனை எந்திரிச்சிருக்கும்.

நோட்டு உள்ள போயிட்டு. முடுக்கு வெறும் முடுக்கா நின்னுச்சு. ஒரு கைப்பிள்ள அழ ஆரம்பிச்சுது, அதோட சொந்தக் கொரலுல.

சப்பரம் ஊரச் சுத்தி கோயில் வாசலுக்கு வந்துச்சு. மார்ச்சு முடியப் போவுது. கேப்டன் சாக்ஸ நெஞ்சுல சாச்சிட்டுக் கையத் தூக்குனாரு, நான் சிம்பல விரிச்சு, ஒரு மூச்சு தாமதிச்சு, 'ஜாங்!'னு போட்டேன். அது அடங்குத எடத்துல மச்சானோட அடி நோட்டு வந்துச்சு. சப்பரத்துல உள்ள பூவு பூரா சிலுத்துச்சு. கேப்டன் கைய எறக்குனாரு, மச்சான் வாய எடுத்தாரு.

நின்னு போச்சு.

நாங்க நின்னுக்கிட்டே இருந்தோம். அது கெடக்கும்னு எல்லாரும் தரையப் பாத்தாவ. ஒண்ணும் கெடக்கல. எல்லாச் சத்தம் மாதிரியும் வந்துச்சு, போயிட்டு. கை தட்டவா அழவான்னு தெரியாம கூட்டம் முழிச்சுக்கிட்டு இருக்கையில, கேப்டன் மூக்க ஒரு உறிஞ்சு உறிஞ்சிட்டு, பேண்டு பூராவும் கேக்க, ஊரு பூராவும் கேக்க கேட்டாரு:

"எத்தன நம்பரு?"

மச்சான் நிமுந்தாரு. பொக்கவாயத் தொறந்தாரு. "ரெண்டு."

ட்ரம்பெட்டுக்காரன் கையில இருந்து மவுத்பீஸ் மூடி விழுந்துச்சு. ஒருத்தனும் சிரிக்கல, சிரிக்கணுமான்னு தெரியல. கேப்டன் சாக்ஸத் தொடைக்கிற மாதிரி தொடைச்சுக்கிட்டே நெருங்கி வந்தாரு, எனக்கும் மச்சானுக்கும் நடுவுல தலைய விட்டாரு, மூக்குல இல்லாம தொண்டையில இருந்து, நான் அதுவரைக்கும் கேட்டே இராத ஒரு சின்னக் கொரல்ல கேட்டாரு:

"அந்தப் பாக்கெட்டுல மிச்சம் இருக்காய்யா?"